முப்பத்தொன்றில் மூன்று

கத்தி முடிந்தது. இனிக் கதிர்,
கதிரோடு சேர்த்து மருந்து.
டொக்டர் லம்பெர்ட்ஸ் கடித உறையொன்றின் பின்பக்கம்
என் கழுத்தை வரைந்தா.
பூசணிக்காய்க்குக் காம்பு வைத்த மாதிரி இருந்தது.

கத்தி எல்லாவற்றையும் எடுத்ததென்றால்
பிறகேன் எரிக்கிறீர்கள்?
எரித்தால் போதுமென்றால்
ஏன் வெட்டினீர்கள்?
இருபத்தாறு வருச ஜெர்மன் அவ்வளவுதான் வந்தது.

அவ கோபிக்கவில்லை. ஒரு தாளைத் தள்ளினா.
இடப்பக்கத்தில் எடுத்த நெறிக்கட்டிகள் முப்பத்தொன்று.
கெட்டது மூன்று.
மூன்றில் ஒன்று சுவரை உடைத்து
வெளியே கால் வைத்திருக்கிறது.

அந்தக் கடைசி வரி எனக்கு விளங்கியது.
ஃபெல்பெர்ட்டில் பூட்டுத் தொழிற்சாலை. நான் அங்கே சரிபார்ப்பவன்.
பித்தளை உருளையில் பிசிர் இருந்தால்
கண்ணுக்கு முதல் விரல் அறியும்.
ஒன்று அகப்பட்டால் அதை எறிவதோடு முடியாது.
பட்டியை நிறுத்தி, எண்ணெய்த் தொட்டியை வடித்து,
கண்ணில் படாத தூளுக்காக
இரவு முழுக்கக் கழுவ வேண்டும்.
'சரி, கழுவுங்கோ' என்றேன்.
அவ சிரித்தா. நான் பகிடி விடவில்லை.

முப்பத்து மூன்று தடவை.
சனி ஞாயிறு லீவு, கதிருக்கும் தொழிற்சங்கம் உண்டு.
முகமூடி அழுத்திய சதுரங்கள் நெற்றியில் ஆறுமுன்
வுப்பர் ஆற்றுக்கு மேலே தொங்குரயிலில் திரும்புவேன்.
ஒரு பிள்ளை தாயைக் கேட்டது,
அந்த மாமா வலையில் அகப்பட்டவரா என்று.
தாய்க்கு முகம் சிவந்தது.
பிள்ளை சரியாகத்தான் பார்த்தது.

மருந்து நாட்களில் லீட்டர் கணக்கில் உப்புநீர்.
காதுக்குள் ஒரு சில்வண்டு குடிவந்தது,
இன்னும் வாடகை தரவில்லை.
பக்கத்துக் கதிரையில் மரெக், கூரை வேலைக்காரன்.
அவனுக்கு முதலில் கதிரும் மருந்தும் மட்டும்.
பன்னிரண்டு கிழமை பொறுத்துப் படம் எடுத்து
மிச்சம் இருந்தால்தான் கத்தி.
என் தையலை அவன் பார்ப்பான்,
வெட்டாத அவன் கழுத்தை நான் பார்ப்பேன்.
யாருக்கு யார்மேல் பொறாமை என்று தெரியவில்லை.

ஐந்தாம் கிழமை எச்சில் கோந்தானது.
வயிற்றுக் குழாய் வழியே
கௌசலா மில்லிலீட்டர் எண்ணி ஊற்றினாள்.
சம்பல் இடிக்கையில் குசினிக் கதவைச் சாத்தினாள்.
சாத்தாதே என்று எழுதிக் காட்டினேன்.

இப்போது இடப்பக்கம் தாடி முளைப்பதில்லை.
காதுமடல் வேறு யாருடையதோ.
இடக்கை தோளுக்கு மேலே ஏறாது.
படம் துப்புரவு. அந்தச் சொல்லுக்கு முன்னால்
டொக்டர் 'இதுவரை' என்று ஒன்றை வைத்தா.

மரெக்கின் படத்தில் ஒரு புள்ளி மிச்சம்.
செவ்வாய்க்கிழமை அவனுக்குக் கத்தி.
ஃபோனில் கேட்டான்: 'தோள்?'
'வலிக்கும்' என்றேன்.
சரிபார்ப்பவன் வேறென்ன சொல்ல.

மார்ச்சில் வேலைக்குத் திரும்பினேன், அரை நாள்.
உடுப்பு மாற்றும் அறையில் என் பெயருக்குக் கீழே
புதிதாய் ஒரு கொக்கி, இடுப்பளவு உயரத்தில்.
யார் பூட்டியது என்று ஒருவரும் சொல்லவில்லை.
இரண்டு ஆணி, ஒன்று சரிவு.
விரலால் தடவிப் பார்த்தேன்.
பிசிர் இருந்தது.
ஜாக்கெட்டைக் கொழுவினேன்.