எந்தோத்தோ இறக்கம்

அஸ்கலெச் மூன்றாம் முறையாக வந்திருந்தாள்.
"காலையில் மிதித்தால்
இஞ்சேராவின் கண்களில் விரல் பதிந்த மாதிரி
உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது"
என்றாள், காற்றைக் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டி.

நான் மிதித்தேன். கல்.
மறுபடி மிதித்தேன். கல்.
"என்னைப் பார்த்தால் பொய் சொல்கிறவளாகத் தெரிகிறதா?"
நீ இல்லை,
உன் வண்டிதான் என்னைக் கண்டதும் பொய் சொல்கிறது.

முதல் முறை காலிப்பர்களைக் கழற்றியிருந்தேன்.
மின்சார வண்டியைப் பெரும்பாலும் மோட்டாரே நிறுத்திவிடும்;
வேலையில்லாத பின் துருப்பிடித்துச் சோம்பிக் கிடக்கும்.
துரு இருந்தது. தேய்த்தேன், கிரீஸ் தடவினேன்,
அறுநூறு பிர் வாங்கினேன்.
இரண்டாம் முறை ஒவ்வொரு குழாயாய்க் கவ்வி நெரித்துப் பார்த்தேன்.
கசிவில்லை, வீக்கமில்லை.
மாஸ்டர் சிலிண்டர்மேல் பழி போடக் கை துறுதுறுத்தது.
போடவில்லை. பணமும் வாங்கவில்லை.

எப்போது வந்தாய்?
"விடிந்து ஒரு மணிக்கு."
இப்போது மூன்று. நடுவில்?
"உன் வாசலில் காப்பி குடித்தேன்.
மூன்று சுற்றும். பாதியில் எழுந்தால் மரியாதையா?"

பக்கத்துக் கடை ஸெனெபு
கருப்பு ஜெபெனாவைச் சாய்த்துச் சாய்த்து ஊற்ற
வெளியே டிஸ்க்குகள் ஆறியிருக்கின்றன.
காய்ச்சலை இறங்க விட்டுவிட்டு
நாடி பிடித்திருக்கிறேன், மூன்று முறை.

மறுநாள் இருட்டோடு மலைக்குப் போனேன்.
யூக்கலிப்டஸ் விறகோடு பெண்கள் இறங்க
ஓட்டக்காரர்கள் எதிரே ஏறிக்கொண்டிருந்தார்கள்.
அவள் வீட்டுச் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினோம்.
திரையில் பச்சையாய் நூறு.
அதன் கீழே சீன எழுத்தில் ஒரு வரி
ஐந்து நொடி நின்றது. படமெடுத்துக்கொண்டேன்.
"தினமும் வரும். வணக்கம் சொல்கிறது போல."

முதல் வளைவில் காலை எடுத்தாள்.
மோட்டார் பிடிக்கவில்லை.
சுமை இறக்கிய கழுதையாய் வண்டி ஓடியது.
ஆகவே மிதி. மறுபடி மிதி.
நான்காம் வளைவில் கருகல் வாடை.
ஏழாவதில் "இதோ" என்றாள்,
அவள் செருப்பு தரையைத் தொட்டது.
எதிரே ஒரு விறகுக்கட்டு, அதன் கீழே ஒருத்தி.

கைபிரேக் பொத்தானை இழுத்துப் பிடித்தேன்.
முனகி நின்றது.
அந்தப் பெண் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

சாலையோரம் நடுங்கியபடி
படத்தை போனிடம் கொடுத்தேன். படித்துச் சொன்னது:
மின்கலம் நிரம்பியுள்ளது, மோட்டார் நிறுத்தம் கிடைக்காது.

எட்டு மாதமாக இதைத்தான்
தினமும் விடியலில் சொல்லியிருக்கிறது.
நிரம்பிய வயிறு இறக்கத்தை வாங்காது;
மலை முழுவதும் பேடுகளின் தலையில்.
பிரேக் ஆயில் மூடியைத் திறந்தேன்:
எத்தனையோ மழைக்காலத்து ஈரம் குடித்துக் கறுத்த ஆயில்.
"மின்சார வண்டிக்கு ஆயிலே கிடையாது
என்றானே விற்றவன்!"

ஈரம் கொதித்தால் ஆவி.
ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும்.
ஆறினால் ஆவி நீராகும், மிதி கல்லாகும்,
நான் முட்டாளாவேன்.

மதியம் டயர் கடை வொந்த்வொசெனை உள்ளே உட்காரவைத்தேன்.
மிதி.
பிடி.
விடு.
மிதி என்றதும் விட்டான், விடு என்றதும் பிடித்தான்,
திட்டினேன், பிறகு பழகிக்கொண்டான்.
குழாயில் கருப்பு வந்தது, பழுப்பு வந்தது,
தேஜ் நிறம் வந்தது,
கடைசியில் ஒரு குமிழும் இல்லாத தெளிவு.

கணக்கில் அந்த அறுநூறைக் கழித்தேன்.
இனி எண்பதில் நிறுத்து என்றேன், இறக்கத்துக்கு இடம் வேண்டும்.
"கரண்ட் இருக்கும்போது பிடித்துவைக்காமல்?
நீ எங்கள் தெருவில் இருந்து பார்."

ஒரு வாரம் கழித்துத் திரையின் படம் அனுப்பினாள்:
தொண்ணூற்றிரண்டு.
"எண்பதில் பிடுங்க மனசு வரவில்லை."

மிதி?

"கல்."