தொகை என்ற பெட்டி

கிளிநொச்சிப் பெரியாசுப்பத்திரிக்குப் பக்கத்தில்
போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன்.
ஒரு பக்கம் பத்து ரூபா. ஸ்கான் நாற்பது.
வெளிநாட்டுக்கு அனுப்பியும் தருவதென்றால் நூறு.
லமினேற்றும் உண்டு,
அதற்கு அதிகம் வருவது மரணச் சான்றிதழ்.

புவனேந்திரன் அண்ணை திங்கட்கிழமை வந்தார்.
சுவிஸில் இருபத்தேழு வருசம்.
ஒன்பது மாதமாய் உருத்திரபுரத்தில்
பிறந்த வளவிலேயே வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்.
அவருடைய காப்புறுதியின் பெயர்
'வெளிநாட்டில் வாழ்வோருக்கான திட்டம்'.
எது அண்ணை வெளிநாடு என்று கேட்டேன்.
இதுதான் என்றார்,
புதிதாய் வாங்கிய மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு.

வெள்ளித் திட்டத்தில் பல்லுக்குக் காசில்லையாம்.
தங்கத் திட்டம் என்றால்
எந்தக் காட்டுக்குள் விழுந்தாலும்
ஹெலி வந்து தூக்கிக்கொண்டு போகும் என்றார்.
ஹெலி என்றதும்
கடைக்குள் நின்ற மூன்று பேரும்
ஒரேயடியாய் மேலே பார்த்தார்கள்.
தகரம்தான். ஒரு பல்லி.
யாரும் சிரிக்கவில்லை.
நான் படிவத்தைத் திறந்தேன்.

கால் விறைத்து நாலு நாள் வாட்டில் கிடந்திருக்கிறார்.
படம் எடுத்தார்கள். ஊசி போட்டார்கள்.
மிஸ்ஸி ஒருத்தி தன் வீட்டுக் கஞ்சியில்
பாதியை ஊற்றிக் கொடுத்தாளாம்.
இப்போது கம்பெனிக்கு
முத்திரை குத்திய பில் வேண்டும்.
இங்கே பில் போடுவதில்லை.
உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார்:
'இலவசம் எண்டு குத்த முத்திரை இல்லையாம் தங்கச்சி.'

தொகை என்ற பெட்டியில் பூச்சியம் அடித்தேன்.
பெட்டி சிவந்தது.
பூச்சியத்தைவிடப் பெரிய இலக்கம் கேட்டது.
'ஒண்டைப் போடட்டா?'
'பொய் வேண்டாம்' என்று யோசித்தவர்
சட்டைப்பையைத் தடவிச் சொன்னார்:
'கிளினிக் கொப்பி வாங்கினனான். அறுபது ரூபா.
அதைப் போடும்.'
அறுபது ரூபாவைக் கணினியே
அவர்களுடைய காசாக மாற்றிக் காட்டியது:
பதினேழு சதம்.

அடுத்த பக்கம் கேட்டது:
இந்தத் திட்டத்துக்கு முன்பே உமக்கிருந்த நோய் எது?
தொடங்கிய வருடம், மாதம்?

எக்ஸ்ரேயைக் குழல்விளக்கில் பிடித்தார்.
வரிசையாய் எலும்பு.
மூன்றாவதற்குப் பக்கத்தில்
வேப்பங்கொட்டை அளவில் ஒரு வெள்ளை.
'தொண்ணூற்றாறு. ஆடி' என்றார்.
'அங்க இருக்கேக்க நோகேல்லை.
சொன்னால் கட்டுக்காசு இரட்டிப்பாகும் எண்டு
சொல்லாமல் விட்டிட்டன்.'
'இப்ப சொல்லப் போறியளோ?'
'படமே சொல்லுதே.'

காரணத்துக்கு நாலு தெரிவு இருந்தது:
பரம்பரை, தொழில், விபத்து, வேறு.
விபத்தின் மேல் சுட்டியை வைத்துக்கொண்டு
அவர் முகத்தைப் பார்த்தேன்.
இல்லை என்று தலையாட்டினார்.
வேறு என்பதை அழுத்த
விளக்கம் எழுத இடம் விரிந்தது,
ஐம்பது எழுத்துக்கு.
கனநேரம் இரண்டு பேரும் அந்த இடத்தையே பார்த்திருந்தோம்.
பின்னால் நின்ற பெடியன்
அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும்
ஒரே தாளில் எடுக்க வேணும் என்று அவசரப்பட்டான்.
'ஷெல்' என்று அடித்தேன்.
நாற்பத்தெட்டு எழுத்து மிச்சம்.

என் தோளில் இரண்டு கிடக்கிறது.
மழைக்கு முதல்நாள் வானிலை சொல்லும்.
முன்பே இருந்ததா என்று
என்னிடம் எந்தக் கம்பெனியும் கேட்டதில்லை.
கேட்டிருந்தால்
எதற்கு முன்பு என்று கேட்டிருப்பேன்.

மூன்று கிழமையில் பதில் வந்தது.
பதினேழு சதம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.
முதுகெலும்பு ஏற்றுக்கொள்ளப்படவில்லை.
வீட்டு வேலையை விட்டுவிட்டு
சீமெந்துக் கையோடு வந்து நின்றார்.
அச்சடித்துக் கொடுத்தேன்.
இரண்டு தரம் வாசித்தார்.
மடிக்கவில்லை.
'லமினேற் பண்ணித் தாரும்' என்றார்.