கலண்டரின் கீழ்த்துண்டு

ஸ்காபரோவில், மார்க்கம் வீதியில் என் அச்சகம்.
டிசம்பர் முதற்கிழமை கோர்டன் வந்தார்.
மூன்று தலைமுறையாய் இறுதிச்சடங்கு நடத்தும் குடும்பம்;
குரல் எப்போதும் கம்பளத்தில் நடக்கும்.
“தமிழ்க் கடையெல்லாம் கலண்டர் கொடுக்கிறதே,
நாங்களும் கொடுத்தால் என்ன?”

படம் அவரே தெரிந்துவைத்திருந்தார்: மயிலோடு முருகன்.
கீழே பொன்னெழுத்தில் நிறுவனத்தின் பெயர், தொலைபேசி.
அதற்கும் கீழே, ஏதோ நகைக்கடையைப் பார்த்து,
“மீண்டும் வருக.”

அதை மட்டும் அடித்துவிட்டேன்.
செத்தவீட்டில் நாங்கள்
‘போயிட்டு வாறன்’ என்றுகூடச் சொல்வதில்லை,
பேசாமல் எழும்பிச் செருப்பைத் தேடுவோம் என்றேன்.
குறித்துக்கொண்டார்.
மற்றதைச் சொல்லவில்லை.
ஆயிரம் பிரதி;
எனக்கும் கடை வாடகை இருந்தது.

மளிகைக்கடை வாசலில் அடுக்கினோம்.
முருகனைக் கண்டு கை நீளும்,
கீழே வாசித்துச் சுருங்கும்.
ஆனாலும் தைப்பொங்கலுக்கு முதல்நாள்
அடுக்கு இருந்த இடம் வெறும் தரை.
கோர்டனுக்குப் புளுகம்.

சீட்டுக்காசு வாங்க யோகாம்பிகை வீட்டுக்குப் போனேன்.
குசினிச் சுவரில் அதே முருகன்.
மயிலின் நகத்தோடு
கத்தரிக்கோல் நேராகப் போயிருந்தது.

மார்ச்சில், பனி இளகத் தொடங்கிய ஓர் இரவு
அவருடைய மனுசன் எழும்பவில்லை.
இரண்டு மணிக்கு இழுப்பறையைத் திறந்து
றப்பர் வளையம், பீட்சாக் கூப்பன், எந்தப் பூட்டினதென்று தெரியாத சாவிகள்
எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து
விரலகலத் துண்டொன்றை எடுத்து
அடுப்பு வெளிச்சத்தில் பிடித்தாராம்.

பொன்னெழுத்து கொஞ்சம் உதிர்ந்திருந்தது.
முதல் மணியிலேயே எடுத்தார்கள்.