ஐயவினா இலக்கம் பதினேழு

பங்குனி வெயிலோடு வந்து இறங்கினார்கள்
கணக்காய்வாளர் இருவரும்.
கூட்ட மண்டபத்துப் பின்னறையைத் துடைத்து
மேசைவிசிறி வைத்தோம்.
கழுத்துத் திரும்பாத விசிறி அது.
யதுகுலன் என்ற இளையவர் கதிரையை
அதன் முகத்துக்கு நேரே இழுத்துக்கொண்டார்.
மூத்தவர் மருந்து குடிக்கத் தண்ணீர் கேட்டதோடு சரி.

முதல் நாள் சோலை வரி.
இலக்கம் 41, உரிமையாளர் கனடா.
இலக்கம் 43, உரிமையாளர் கனடா.
இலக்கம் 47, உரிமை யாருக்கு என்பதிலேயே வழக்கு.
இலக்கம் 52, வீடில்லை, கிணறு மட்டும்.
கிணற்றுக்கு வரி இல்லை,
ஆனால் அதற்குள் விழுந்த மாட்டை எடுத்த செலவு
சபைக்கு மூவாயிரத்து இருநூறு.
வவுச்சர் இருக்கிறதா என்றார். இருந்தது,
மாட்டுக்காரரின் கையொப்பத்தோடு.
அவர் பச்சைப் பேனையால் சரி போட்டதை
மத்தியானம் கந்தோர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

இரண்டாம் நாள் மீன்சந்தைக் குத்தகை.
அதைப்பற்றி நான் எழுதப்போவதில்லை,
குத்தகைக்காரர் என் ஒன்றுவிட்ட அண்ணன்.

மூன்றாம் நாள் மின்குமிழ்.
வாங்கியது நானூறு.
கம்பங்களில் எண்ணியது முந்நூற்றுத் தொண்ணூற்றேழு.
களஞ்சியத்தில் ஒன்றும் இல்லை.
பதினேழாம் ஐயவினா அந்த மூன்றையும் கேட்டது.

அமலதாஸ் சேட்டின் மேல்தெறியைப் பூட்டிக்கொண்டு வந்தார்.
"மூண்டும் எரியுதுதானே ஐயா."
எங்கே?
"நாவலடி ஒழுங்கையிலை."

வரைபடத்தில் எனக்கு அந்த ஒழுங்கையைத் தெரியும்.
நடுவால் ஓடுகிறது சிவப்புக் கோடு.
இடப்பக்க மதில் எங்களுடையது,
வலப்பக்கம் பிரதேச சபை.
கம்பங்கள் மூன்றும் வலப்பக்கம்.
ரியூசன் முடிந்து வரும் பெட்டைகள்
எந்தப் பக்கத்தால் நடப்பார்கள் என்று
வர்த்தமானியில் இல்லை.

இதை நான் பதிலில் எழுதவில்லை.
எழுதியது: மேற்படி குமிழ்கள் எல்லைக்கு வெளியே
தவறுதலாகப் பொருத்தப்பட்டமையைத்
தயவுடன் அறியத்தருகிறேன்.
"தவறுதலாக" என்பதை இரண்டு முறை அழித்து
இரண்டு முறை திரும்ப அடித்தேன்.

யதுகுலன் பொழுதுபட்ட பிறகு தனியே போய்ப் பார்த்திருக்கிறார்,
யாருடையதோ சைக்கிளில்.
காலையில் கோப்பில் கிடந்தது:
மூன்றும் ஒளிர்கின்றன, நேரில் பார்வையிட்டேன்.
உரிய ஊழியரிடம் ரூபா 2,340 அறவிடப்பட வேண்டும்.
இரண்டு வசனமும் உண்மை.
ஒன்றோடொன்று கோபிக்காமல்
ஒரே பச்சை மையில் அடுத்தடுத்து இருந்தன.

குமிழ்களைக் கழற்றி வருவதென்று சபை தீர்மானித்தது.
முன்மொழிந்தவர் மூன்றாம் வட்டாரம்,
வழிமொழிந்தவர் ஏழாம் வட்டாரம்,
எதிர்ப்பு இல்லை, தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

கழற்ற ஏணி வேண்டும்.
இருப்புப் பதிவேடு, பக்கம் 62:
ஏணி, அலுமினியம், ஒன்று.
பாவனைக்கு உதவாது, ஐந்து வருடமாய்.

யதுகுலன் நிமிர்ந்தார்.
"அப்படியென்றால் இவ்வளவு குமிழையும்
எந்த ஏணியில் ஏறிப் பூட்டினீர்கள்?"

அமலதாஸ் செருப்பைப் பார்த்தார்.
"மாதா கோயில் ஏணி, ஐயா.
கொடியேத்தம் முடிய வாங்கினது.
பாதர் ஒண்டும் கேக்கேல்லை."

வாடகை? இல்லை. கடிதம்? இல்லை.
ஐயவினா பதினெட்டு:
கணக்கில் காட்டப்படாத பொறுப்பு.
அந்தத் தலைப்பை அவர் எழுதி முடிக்கும்வரை
பார்த்துக்கொண்டு நின்றேன்.
விசிறி தாளைத் தூக்கியது,
ஸ்ரேப்ளரை எடுத்து மேலே வைத்தேன்.

பாதருக்குக் கடிதம் போயிருக்கிறது.
பதில் வரும்வரை ஏணியைத் தொடக்கூடாது.

அமலதாஸ் மூன்று தவணையில் கட்டினார்,
மாதம் ஒரு குமிழ், எழுநூற்று எண்பது.
பற்றுச்சீட்டு எழுதுவது நான்.
கடைசித் தவணை அன்று
சில்லறையை எண்ணி வைத்துவிட்டுச் சொன்னார்:
"பிள்ளை, நடுக் குமிழ் விட்டுவிட்டு எரியுது.
ஹோல்டர்தான் பிழை.
வாற பாதீட்டிலை போட்டிருக்கிறியளே?"

போட்டிருந்தேன்.
முந்நூற்றுத் தொண்ணூற்றேழு கம்பத்துக்கு
நானூறு.