குழி மூடும் முன்

என் வேலை பயமுறுத்துவது.
நாளுக்குப் பதினெட்டாயிரம் கொலோன்,
மதியச் சோறு படகிலேயே.

ரியோ ஃப்ரியோ. பெயரில்தான் குளிர்;
வளைவு தாண்டினால் வெந்நீர் ஆவி.
எலியேசர் மோட்டாரை அணைப்பார்.
படமெடுக்க வந்தவர்கள் பேச்சை அணைப்பார்கள்.
நீருக்குமேல் சாய்ந்த கிளையில்
இலையோடு இலையாய் ஒரு செரெபோ:
தலையில் கொண்டை, முதுகில் விரித்த பாய்,
கண் மட்டும் மஞ்சள்.
முழங்கால்வரை சேற்றில் இறங்கி,
பின்பக்கமாகப் போய்,
நாணல் கழியின் நுனியால்
வாலுக்கு அருகே இருக்கும் காற்றைத் தொடுவேன்.

ஓடும்.

இரண்டு கால்களில், கைகளை வீசிக்கொண்டு,
பேருந்தைத் தவறவிட்ட குமாஸ்தாவைப் போல,
சப்சப்சப்பென்று
ஆற்றின்மேல் ஓடும்.
தன்மேல் தையல் விழுந்ததை
நீர் உணர்ந்து கலைவதற்குள்
அக்கரைப் புதர் ஆடி அடங்கியிருக்கும்.

இரவு விடுதிச் சுவரில்
நிறுத்தி நிறுத்திப் போட்டுக் காட்டினார்கள்.
பாதம் நீரை அறைகிறது.
அறைந்த இடத்தில் காற்றாலான ஒரு குழி.
குழியின் சுவர் சரிந்து மூடும் முன்
காலை உருவிக்கொள்கிறது.
"இவ்வளவுதான் சூட்சுமம்" என்றார் ஹென்ரிக்.
இவ்வளவுதானா என்று நானும் தலையாட்டினேன்.

இங்கே இயேசுவின் பெயரால்
இதை அழைப்பவர்கள் உண்டு.
கடல்மேல் நடந்த பேதுரு
பயந்ததால் மூழ்கினான்.
இதுவோ பயம் விட்டால் மூழ்கும்.
பாதிரியாரிடம் கேட்கலாம்தான்.
பூசை முடிந்தால் அவருக்குப் பசி வந்துவிடும்.

நாங்கள் சான் ஹுவானைக் கடந்தபோது எனக்கு நான்கு வயது.
பின்னால் சுடும் சத்தம்.
படகில் ஆட்கள் கூடுதல்.
"பாரத்தைக் குறை" என்றான் துடுப்புக்காரன்.
அம்மா என்னைப் பார்த்தாள்.
மடியிலிருந்த, சோளம் அரைக்கும்
இரும்பு எந்திரத்தைப் பார்த்தாள்.
இரண்டையும் பார்க்க
ஒரே அளவு நேரம்தான் எடுத்துக்கொண்டாள்.
எந்திரம் போனது.
நீரில் ஒரு குழி திறந்தது,
மூடியது.
அதன்பின் நாற்பது வருடம்
ஆரஞ்சுத் தோட்டம், வாழைப்பழக் கிடங்கு,
மூன்று பிள்ளைகள், ஓர் அடையாள அட்டை.
எந்தக் காலையும் ஓர் இடத்தில்
அதிக நேரம் வைத்ததில்லை.

கடைசி நாள்
வயசான ஆண் ஒன்று கிடைத்தது.
என் முழங்கை நீளம் உடம்பு, அதற்குமேல் வால்.
கழியை நீட்டினேன்.
திரும்பி என்னைப் பார்த்தது.
இன்னும் நீட்டினேன்.
வேண்டாவெறுப்பாய்க் குதித்து
ஐந்தடி, ஆறடி,
அப்புறம் இடுப்பு, தோள், கொண்டை என்று
அப்படியே அமிழ்ந்தது.
கேமராவின் பின்னால் யாரோ சிரித்தார்கள்.
"இது வேண்டாம், குட்டியாய் ஒன்று பாருங்கள், தெயானிரா."

நான் நின்ற இடத்தில் நின்றேன்.
குமிழி வந்தது. நின்றது.
எண்ண ஆரம்பித்து,
எண்பதில் விட்டுவிட்டேன்.
பிறகு தொலைவில், வேர்களின் இருட்டில்,
மூக்கு மட்டும் மேலே வந்து
ஆற்றை ஒருமுறை முகர்ந்தது.
அவசரமே இல்லை அதற்கு.

படகுக்குத் திரும்பும் வழியில்
கழியை ஊன்றி ஆழம் பார்த்தேன்.
அடியில் ஏதோ
இரும்பு போல் தட்டியது.

வேராகத்தான் இருக்கும்.
இது அந்த ஆறில்லை.
போய் அதில்தான் கலக்கிறது.