மாதிரி 417

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி.
ஹோல்ட்ஸ்மிண்டனில் மழை, வெசர் ஆற்றில் பழுப்பு.
சுவைக்கூடத்தில் சிவப்பு விளக்குப் போடுகிறார்கள்,
கண் போய் நாக்கிடம் கோள் சொல்லக் கூடாதென்று.
அந்த வெளிச்சத்தில் எல்லா மிட்டாய்க்கும்
ஈரக் கூழாங்கல்லின் நிறம்.

எட்டுத் தடுப்புகள், எட்டுப் பேர்,
மணிக்குப் பதினைந்து யூரோ, கொப்பளிக்க வெந்நீர்.
என்ன பழம் என்று தாளில் ஒரு கோடு.

ஓர்ட்ருட் எழுதுகிறாள்: இருமல்.
கெசினா: பல் டாக்டரின் ரப்பர் கையுறை.
மூன்றாம் தடுப்பில் யாரோ
தங்கைக்கு அம்மை போட்ட வாரம் என்று எழுதி
அடித்துவிட்டு, செர்ரி?
கேள்விக்குறியோடு.

வீப்கே தாள்களைப் பொறுக்கிக்கொண்டு மாடி ஏறுகிறாள்.
அந்த மிட்டாயின் பழம் அவள் கலந்தது. பதினொரு வாரம்.

காரணம் அவளுக்குத் தெரியும்.
பாதாம் வாடை அடிக்கும் ஒரே நீலப் பீப்பாய்,
அதிலிருந்து இரண்டு லாரி கிளம்புகிறது,
ஒன்று மிட்டாய்க்காரனுக்கு, ஒன்று மருந்துக்காரனுக்கு.
கசப்பை அமுக்கிப் பிடிக்க
மெல்லிய பழம் போதாது,
ஊரிலேயே சத்தமான பழம் வேண்டும்.
மிட்டாயிடம் கைமாற்றாய் வாங்கிய வாசனையை
மருந்து திருப்பித் தரவே இல்லை.
பிறகு எது முந்திக்கொண்டதோ அதன் பெயர்தான்.
தெருமுனைக் கடைக்கு முன்பே கரண்டி வந்துவிட்ட பிள்ளைக்கு
செர்ரி என்பது
நாக்கு செத்த ஒரு மத்தியானம்.

இதையெல்லாம் கூட்டி வகுத்துச் சராசரி எடுத்துவிடலாம்.
எட்டாவது தாள்தான் இடிக்கிறது.
டெட்லெஃப், பேருந்து ஓட்டி ஓய்ந்தவர்,
ஒன்பதுக்கு ஒன்பது போட்டிருக்கிறார்.
பழம்: மருந்து.
பிடித்ததா: ஆமாம்.
கீழே, பேனா தாளைக் கிழிக்கிற அழுத்தத்தில்:
அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தது அந்த மூன்று நாள்தான்.
மாற்றாதீர்கள்.

கணினியில் அதை ஏற்றக் கட்டம் இல்லை.

மதியம் சந்தையில் கால் கிலோ செர்ரி வாங்கினாள்.
தண்ணீர், கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் தோல்.
செர்ரி மாதிரியே இல்லை.
கொட்டையைப் பாலத்துக் கல்லில் வைத்து
சைக்கிள் பூட்டால் ஒரு போடு.
உள்ளே அரிசியளவு பருப்பு.
தின்னக் கூடாது, தெரியும்.
நுனிநாக்கில் தொட்டு எடுத்தாள்,
அதே பீப்பாய்.
அவள் சேர்க்கவில்லை,
முன்பே அங்கே இருந்திருக்கிறது.

அடுத்த செவ்வாய், மாதிரி 418.
பாதாம் மூன்றிலொரு பங்கு குறைவு.
ஓர்ட்ருட் செர்ரி என்று எழுதினாள், ஏழு போட்டாள்.
டெட்லெஃப் நான்கு.
காரணத்துக்கான இடம் வெறுமையாய் இருந்தது.
போகும்போது வாசலில் நின்று
போன வாரத்து மிட்டாய் ஏதும் மிச்சம் உண்டா என்று
கேட்டுவிட்டுப் போனாராம்.