காணும்

சூறைமாறன் ஏழாம் பாகத்தில்
சூறைமாறன் ஓடவேயில்லை.
அவர் நின்ற இடத்தில் நின்றார், கமெரா ஓடியது.
வவுனியாத் தியேட்டரில் இடைவேளை விட்டபோதே
ஜெயறூபன் சொன்னான்: "காணுமடா."

கடைசி பஸ்ஸில் ஒருவரும் கதைக்கவில்லை.
புளியங்குளம் தாண்ட
கண்டக்டர் கேட்டான், செத்த வீட்டுக்கோ என்று.

எட்டாம் பாகம் வருமாம்.
அறுபத்திரண்டு வயதில் அவர் இன்னொரு தரம்
ரயில் கூரையில் ஏறவேண்டும்.

ஆகவே ஞாயிறு பின்னேரம்
ஒட்டுசுட்டான் சந்தி ஓட்டோத் தரிப்பிடத்தில் கூட்டம்.
மன்றச் செயலாளர் நான்.
தலைவர் கிருபாகரன் கட்டாரில்;
வட்சப்பில் தலைமை தாங்கினார், பின்னால் கொங்கிறீற் மிக்சர் இரைய.
கேள்வி ஒன்றுதான். காணுமா, காணாதா.
பிஸ்கற் பெட்டிக்குள் துண்டு போடவேண்டும்.

"ஐஞ்சோட முடிச்சிருக்கோணும்" என்றாள் துஷ்யந்தி,
தையல் கொம்பனிச் சீருடையோடு வந்தவள்.
"ஐஞ்சில வில்லன் சாகேல்லையே?"
"அவன் சாகாட்டி என்ன, ஆறில நாங்கள் செத்தம்."

நகுலேசுக்கு மனம் கேட்கவில்லை.
"கறவை நிண்டா மாட்டை விக்கிறதோ?"
"விக்கவேண்டாம்.
வண்டிலில பூட்டாதேங்கோ எண்டுதான் சொல்லுறன்."

அப்போதுதான் விதுர்சன் கேட்டான்:
"அண்ணை, நாலில ஏன் அவருக்கு இடக்கை மடங்குதில்லை?
மூண்டில என்ன நடந்தது?"

தண்ணீர்ப் போத்தலை யாரோ மூடினார்கள்.

மூன்றாம் பாகம் வெளிவந்தது
இரண்டாயிரத்து ஒன்பது சித்திரையில்.
அவ்வளவும்தான் அவனுக்குச் சொன்னோம்.
அவன் மூன்றுக்குப் பிறகு பிறந்தவன்.

ஒன்று, ஜெனரேற்றரில் பார்த்தது.
வாடகை ரீவி, தலைக்குப் பத்து ரூபாய், பாட்டு வெட்டின கொப்பி.
இரண்டில் கடைசிப் பத்து நிமிடத்துக்கு மண்ணெண்ணெய் போதவில்லை;
நகுலேசின் மாமா அடுத்த நாள் வாயால் முடித்து வைத்தார்.
நாலு, தறப்பாள் கொட்டிலில்,
ஒரு கைபேசியில் ஆறு தலை.

இரண்டில் சூறைமாறனுக்குத் தம்பி இருந்தான்.
நாலில் சுவரில் படமாக இருந்தான்,
மாலை போடாத படம்.
ஏனென்று நாலு சொல்லவில்லை,
உலகத்துக்கே தெரியும் என்ற நினைப்பில்.

தம்பி கப்பலேறிவிட்டான் என்பது ஜெயறூபன் கதை.
ஆள் மாறி அடிபட்டான் என்பது நகுலேஸ்.
துஷ்யந்தி கதை சொல்லமாட்டாள்,
மாலை இல்லையே, மாலை இல்லையே என்பாள்.
இப்படி எங்கள் மூன்றாம் பாகம்
இந்தச் சந்தியில் பல வருசமாக
நாலைந்து விதமாய் ஓடுகிறது.

விதுர்சன் போனை நீட்டினான்.
"இருக்கு அண்ணை. ரெண்டு மணித்தியாலம் நாப்பத்தொரு நிமிசம். போடவோ?"
ஒருவரும் ஓம் என்று சொல்லவில்லை.
மிக்சர் நின்றது கட்டாரில்.
"பெட்டியைத் திறவுங்கோ" என்றார் தலைவர்.

காணும், பதினொன்று.
காணாது, நாலு.
ஒரு துண்டில் மட்டும் நீலப் பேனையால்
'காணேல்லை.'

செல்லுமா செல்லாதா என்று பத்து நிமிடம் சண்டை.
கையெழுத்து எனக்குத் தெரியும், சொல்லவில்லை.
இரண்டு பக்கமும் சேர்க்காமல்
என் சேட்டுப் பொக்கற்றில் வைத்தேன்.

இரவு சென்னைக்குக் கடிதம் எழுதினேன்.
மதிப்புக்குரிய தயாரிப்பாளர் அவர்கட்கு,
எட்டு வேண்டாம்.
ஐயாவை ரயிலிலிருந்து கவனமாக இறக்கிவிடுங்கள்.
எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம்,
எங்களிடம் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.

விதுர்சன் விடவில்லை. பென்டிரைவில் ஏற்றித் தந்துவிட்டான்.
ஓட்டோவில் கிடக்கிறது,
தான்தோன்றீஸ்வரர் திருநீற்றுப் பொட்டலத்துக்குப் பக்கத்தில்.
நேற்று முள்ளியவளைக்கு ஒரு ஹயர்.
பின்னால் இருந்த பெடியன் எட்டிப் பார்த்தான்:
"அண்ணை, இதில என்ன இருக்கு? போடுங்கோவன்."

பழுது, என்றேன்.